உச்சி குளிர வேண்டும்!

மேனிலை இரண்டாம் ஆண்டு மாணவி

முன்னுரை

சென்ற கோடையில் எங்கள் அப்பாயி கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார்கள். நகரத்து மருத்துவமனை ஒன்றில் சேர்த்தோம். கத்திரி வெயில் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. அறுவை சிகிச்சைக் கூடம் நான்காம் மாடியில். பிற்பகல் மூன்று மணிக்கு அப்பாயியைத் தள்ளுகட்டிலோடு மின்தூக்கியில் ஏற்றினார்கள். உடன் அம்மா, செவிலியர் ஒருவர், கட்டில் தள்ளும் ஊழியர், நான். இரண்டாம் மாடியைத் தாண்டியதும் ஒரு குலுக்கல்; பெட்டி நின்றுவிட்டது.

நாற்பது நிமிடங்கள் அந்தரத்தில் இருந்தோம். செவிலியர் அக்கா அப்பாயியின் நாடியைப் பிடித்தபடியே நின்றார்கள். அப்பாயி கண்ணை மூடிக்கொண்டு செபமாலை சொன்னார்கள். பிறகு பெட்டி அங்குலம் அங்குலமாக மேலே நகர்ந்து மூன்றாம் மாடியில் கதவு திறந்தது. அன்றைய அறுவை சிகிச்சை மறுநாளைக்குத் தள்ளிப்போயிற்று.

வெளியே வந்ததும் எல்லோரும் மின்தூக்கியை இயக்கும் அண்ணனைப் பிடித்துக்கொண்டார்கள். "ஒழுங்காப் பார்த்துக்கத் தெரியாதா?" என்று ஆளுக்கொரு வார்த்தை. அவரோ வியர்வையில் குளித்து, சட்டையெல்லாம் எண்ணெய்க் கறையாக நின்றார். ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் அப்பாயியைப் பார்க்க என் தாய்மாமா வந்தார். இருபது ஆண்டுகளாக மின்தூக்கி பழுது பார்ப்பதே அவர் தொழில். நடந்ததைக் கேட்டுவிட்டு அந்த அண்ணனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "காலையில நல்லா ஓடுது, மத்தியானம் நிக்குது, சாயங்காலம் தானாச் சரியாயிடுது. அப்படித்தானே தம்பி?"

"ஆமாங்க! உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று வியந்தார் அவர்.

"அதுக்கு உடம்புல ஒண்ணும் குத்தமில்ல. தலைக்கு மேல வெயில் தாங்கல" என்றார் மாமா.

தோழியரே, அந்தத் 'தலை'யைப் பற்றித்தான் இக்கட்டுரை.

மின்தூக்கி எவ்வாறு இயங்குகிறது?

மின்தூக்கியை நாம் ஒரு பெட்டியாக மட்டுமே அறிவோம். ஆனால் பெட்டி பாதி. மீதி நம் கண்ணில் படுவதில்லை. கிணற்றில் நீர் இறைக்கும் கப்பியை நினைத்துக்கொள்ளுங்கள். கயிற்றின் ஒரு முனையில் வாளி. மறுமுனையை நாம் இழுப்பதற்குப் பதில் அங்கே ஒரு கல்லைக் கட்டிவிட்டால் இழுக்கும் வேலை பாதியாகிவிடும் அல்லவா? மின்தூக்கியும் அப்படியே. எஃகுக் கயிறுகளின் ஒருபுறம் பெட்டி, மறுபுறம் எதிர்எடை. வெற்றுப் பெட்டியின் எடையோடு, அது சுமக்கக்கூடிய பாரத்தில் ஏறத்தாழப் பாதியையும் சேர்த்து இந்த எதிர்எடையை அமைக்கிறார்கள். ஆகவே மோட்டார் முழுப் பாரத்தையும் தூக்குவதில்லை. இரு பக்கத்திற்கும் உள்ள வேறுபாட்டைத் தூக்கினால் போதும்.

1854ஆம் ஆண்டு நியூயார்க் கண்காட்சியில் எலிஷா ஓடிஸ் என்பவர் உயரத்தில் நின்றுகொண்டு, தாம் நின்ற மேடையின் கயிற்றை அறுக்கச் செய்தார். மேடை விழவில்லை, அவர் அமைத்த பாதுகாப்புப் பிடி அதைத் தாங்கிக்கொண்டது. மக்கள் மின்தூக்கியை நம்பத் தொடங்கியது அதன் பின்னரே. 1880இல் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் வெர்னர் வான் சீமன்ஸ் மின்சாரத்தால் இயங்கும் முதல் தூக்கியைக் காட்டினார். அன்று முதல் கட்டடங்கள் வானை நோக்கி வளர்ந்தன. சென்னையில் 1959இல் திறக்கப்பட்ட எல்.ஐ.சி. கட்டடம் போன்ற மாளிகைகள் மின்தூக்கி இன்றி எழுந்திருக்கவே முடியாது.

மோட்டார், கயிறு சுற்றும் பெருஞ்சக்கரம், நிறுத்துகட்டை, வேகத்தைக் கண்காணிக்கும் கருவி, எல்லாவற்றுக்கும் ஆணையிடும் மின்பலகை ஆகிய யாவும் பெரும்பாலும் கட்டடத்தின் உச்சியில், மொட்டைமாடிக்கு மேல், ஒரு சிறு அறையில் இருக்கும். இதுவே இயந்திர அறை.

மாடியில் ஒரு சூளை

மருத்துவமனை மேலாளரின் அனுமதியோடு மாமா அந்த அறையைப் பார்க்கச் சென்றார். நானும் பின்னால் போனேன். "வாசற்படியைத் தாண்டாதே, பாப்பா. பழக்கமில்லாதவங்க உள்ளே வரக்கூடாது" என்றார். அவர் சொல்லியிராவிட்டாலும் நான் தாண்டியிருக்க மாட்டேன். கதவைத் திறந்ததும் செங்கல் சூளையின் வாயில் நிற்பதுபோல் அனல் முகத்தில் அடித்தது. மாமா தம் பையிலிருந்த வெப்பமானியை உள்ளே வைத்தார். அது 47 டிகிரி செல்சியஸ் காட்டியது.

இவ்வகை இயந்திரங்களுக்குரிய ஐரோப்பியத் தரவிதி, அறையின் வெப்பம் 5 டிகிரிக்குக் குறையாமலும் 40 டிகிரிக்கு மிகாமலும் இருக்கவேண்டும் என்கிறது. 40 டிகிரி செல்சியஸ் என்பது நம் செய்தித்தாள்கள் வழக்கமாகப் போடும் கணக்கில் 104 டிகிரி பாரன்ஹீட். திருச்சி, வேலூர், மதுரை மக்களுக்கு இந்த எண் புதிதன்று. அதுவும் வானிலை நிலையத்தில் நிழலில் வைத்து எடுக்கப்படும் அளவு. நிழலிலேயே 104 என்றால், நாலாபுறமும் வெயில் காயும் சிறு கான்கிரீட் அறைக்குள் எவ்வளவு இருக்கும்! சென்னையில் 2003ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் நிழலிலேயே 45 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று.

வெப்பம் எங்கிருந்து வருகிறது?

மாமா விரல்விட்டு எண்ணிக் காட்டினார். அறைக்கு மூன்று வழிகளில் வெப்பம் சேர்கிறது.

முதலாவது, கதிரவன். உச்சிவெயிலில் ஒரு சதுர மீட்டர் தளத்தின்மீது ஏறத்தாழ ஒரு கிலோவாட் ஆற்றல் விழுகிறது. அது ஒரு மின்சார இஸ்திரிப் பெட்டியின் ஆற்றல். இதில் ஒரு பகுதியைக் கான்கிரீட் குடித்துவைத்துக்கொண்டு, மெல்ல மெல்ல உள்ளே விடுகிறது. அதனால்தான் உச்சிவேளையைவிடப் பிற்பகல் மூன்று, நான்கு மணிக்கு அறை அதிகமாகக் கொதிக்கிறது.

இரண்டாவது, இயந்திரமே. மோட்டாருக்குக் கொடுக்கும் மின்சாரம் முழுதும் வேலையாக மாறுவதில்லை. ஒரு பகுதி வெப்பமாகிறது. பற்சக்கரங்களின் உராய்விலும், நிறுத்துகட்டையின் மின்சுருளிலும், மின்பலகையிலும் வெப்பம் பிறக்கிறது. இன்னொன்று வியப்பானது. வெறும் பெட்டி மேலே செல்லும்போது கனமான எதிர்எடை தானே இறங்கிப் பெட்டியை இழுத்துக்கொள்கிறது. அப்போது மோட்டார் மின்சாரம் உண்ணும் கருவியாக இல்லாமல் மின்சாரம் ஆக்கும் கருவியாக மாறிவிடுகிறது! பல மின்தூக்கிகளில் அந்த மின்சாரத்தைப் பயன்படுத்த வழியில்லாமல், ஒரு மின்தடைச் சட்டத்தில் செலுத்தி வெப்பமாக எரித்துவிடுகிறார்கள். எரியும் இடமும் அதே அறைதான்.

மூன்றாவது, கீழிருந்து வரும் காற்று. சூடான காற்று இலேசானது, மேலெழும். மின்தூக்கி ஓடும் நெடுங்குழி ஒரு புகைபோக்கி போலாகி, கட்டடத்தின் வெப்பக் காற்றைக் கயிறு செல்லும் துளைகள் வழியே இவ்வறைக்குள் விடுகிறது.

சூடு ஏறினால் என்ன ஆகும்?

மனிதருக்குக் காய்ச்சல் வந்தால் எல்லா உறுப்பும் தளர்வது போலவே இங்கும் நடக்கிறது. செம்புக் கம்பியின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் நூற்றுக்கு 0.4 பங்கு அளவில் கூடுகிறது. ஆகவே நிறுத்துகட்டையை விடுவிக்கும் மின்காந்தம் வலுவிழக்கிறது. பற்சக்கரப் பெட்டியின் எண்ணெய் நீர்த்துப்போகிறது. மோட்டார் கம்பிகளின்மேல் உள்ள காப்புப்பூச்சு முதுமை அடைகிறது. பொறியாளர்கள் கைக்கணக்காக ஒன்று சொல்வார்கள்: சூடு 10 டிகிரி கூடினால் காப்புப்பூச்சின் ஆயுள் பாதியாகும். மின்பலகையில் உள்ள மின்தேக்கிகளுக்கும் இதே கணக்குத்தான். பத்தாண்டு உழைக்க வேண்டியது ஐந்தாண்டில் ஓய்ந்துவிடும்.

இவ்வளவும் நேராமல் காக்கவே வெப்பக் காவற்கருவி ஒன்று வைத்திருக்கிறார்கள். குறித்த அளவைச் சூடு தாண்டினால் அது ஓட்டத்தை நிறுத்திவிடும். ஆறியதும் மறுபடி ஓடவிடும். அந்த மருத்துவமனையில் நடந்தது இதுவே. புதிய மின்தூக்கிகள் சூட்டை உணர்ந்தால் ஒரு மாடியில் போய் நின்று கதவைத் திறந்துவிட்டு, பிறகே ஓய்வெடுக்கும். அது பழைய வகை. நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது.

நின்றால் விழுந்துவிடுமோ என்று நாம் அஞ்ச வேண்டியதில்லை. நிறுத்துகட்டையை இறுக்கிப் பிடிப்பது சுருள்வில். அதை விலக்குவதற்குத்தான் மின்சாரம் வேண்டும். மின்சாரம் அற்றுப்போனால் நிறுத்துகட்டை தானாகவே சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும். ஆகவே மின்தூக்கி நிற்பது காப்பாற்றுவதற்காகவே. ஆனால் அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் நோயாளிக்கு அந்த நாற்பது நிமிடம் எவ்வளவு நீளம்!

அன்று எங்களை மீட்டது யார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. எல்லோரிடமும் ஏச்சு வாங்கிய அந்த அண்ணன்தான், இன்னொரு ஊழியருடன் மேலே ஓடி, முதன்மை மின்விசையை அணைத்து, நிறுத்துகட்டையை நெம்புகோலால் சிறிது சிறிதாக விடுவித்து, சக்கரத்தைக் கையால் சுற்றியிருக்கிறார். எங்கள் ஐவரின் எடை எதிர்எடைக்கு ஈடாகாததால் பெட்டி மேல்நோக்கி நகர்ந்து மூன்றாம் மாடியை அடைந்தது. அந்த அனலுக்குள் நின்று அதைச் செய்தவரைத்தான் நாங்கள் கடிந்துகொண்டோம். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

குளிர்விக்கும் வழிகள்

மாமா அறையைச் சுற்றிப் பார்த்தார். காற்றை வெளியேற்றும் மின்விசிறி கருகிக் கிடந்தது. எதிர்ச்சுவரின் காற்றுவழியை மறைத்து, கிழிந்த மெத்தைகளும் உடைந்த நாற்காலிகளும் அடுக்கப்பட்டிருந்தன. "இடம் சும்மாத்தானே இருக்குன்னு எல்லாத்தையும் இங்கே தூக்கிப் போட்டுடுறாங்க" என்று பெருமூச்சு விட்டார். பிறகு செய்யவேண்டியவற்றைச் செலவு குறைந்ததிலிருந்து வரிசையாகச் சொன்னார்.

முதலில் வெயிலைத் தடுக்க வேண்டும். நம் முன்னோர் மாடித் தளத்தின்மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளித்து, அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதித்தார்கள். மழைநீர் இறங்காது, வெயிலும் எளிதில் இறங்காது. அவ்வசதி இல்லாவிடினும் அறையின் கூரைக்கும் மேற்குச் சுவருக்கும் வெள்ளை அடித்தாலே வெயிலின் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். வெள்ளை ஓடு பதித்தால் இன்னும் நீண்ட நாள் நிற்கும். கூரைக்கு மேலே ஒரு முழம் இடைவெளி விட்டு, காற்றுக்குப் பறக்காதபடி தகரப் பந்தல் அமைப்பதும் நல்லதே. கீற்றுப் பந்தல் மட்டும் ஆகாது. மின்கருவிகள் உள்ள இடத்தில் அது தீயை அழைப்பதாகும்.

இரண்டாவது, காற்றோட்டம். குளிர்ந்த காற்று தாழ்வாக ஒருபுறம் நுழைந்து, இயந்திரங்களைத் தழுவிச் சென்று, எதிர்ப்புறம் உயரத்தில் உள்ள விசிறி வழியே வெளியேற வேண்டும். இரண்டு வழியும் ஒரே சுவரில் இருந்தால் வந்த காற்று வந்தபடியே போய்விடும். இயந்திரம் அதைக் காணாது. காற்றுவழிக்குச் சாய்ந்த பலகைகளும் கம்பிவலையும் வேண்டும். இல்லையேல் மழைச் சாரலும் புறாக்களும் குடிபுகும்.

எவ்வளவு காற்று வேண்டும்? இதை நாம் இயற்பியல் வகுப்பில் படித்ததைக் கொண்டே கணக்கிடலாம். ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 1.2 கிலோஜூல் வேண்டும். அறையில் எல்லாமாகச் சேர்ந்து 3 கிலோவாட் வெப்பம் பிறக்கிறது என்றும், காற்று 5 டிகிரிக்கு மேல் சூடாகக்கூடாது என்றும் வைத்துக்கொள்வோம். 1.2ஐ 5ஆல் பெருக்கினால் 6. மூன்றை ஆறால் வகுத்தால் அரை. அதாவது நொடிக்கு அரை கன மீட்டர். நிமிடத்திற்கு 30 கன மீட்டர். நான்கு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் உயரமுள்ள அறையின் கொள்ளளவும் 30 கன மீட்டர்தான்! ஆகவே நிமிடத்திற்கு ஒருமுறை அறையின் காற்று முழுவதும் மாறவேண்டும்.

இக்கணக்கு இன்னொரு உண்மையையும் சொல்கிறது. வெளியே 34 டிகிரி இருந்தால் உள்ளே 39, பிழைத்தோம். வெளியே 40 ஆனால் உள்ளே 45. எத்தனை விசிறி வைத்தாலும் உள்வெப்பம் வெளிவெப்பத்தைவிடக் குறையாது. விசிறி காற்றை மாற்றுமே ஒழியக் குளிர்விக்காது. மார்கழியில் போதுமானது கத்திரியில் போதாமற்போவது இதனால்தான்.

மூன்றாவதாக, குளிர்பதனக் கருவி. இதன் ஆற்றலை 'டன்' என்ற கணக்கில் சொல்கிறார்கள். அது கருவியின் எடை அன்று. குளிர்பதனக் கருவிகள் வருமுன் பனிக்கட்டியால் குளிரூட்டினார்கள். 2000 பவுண்டு பனிக்கட்டி ஒரு நாள் முழுதும் உருகி எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அதுவே ஒரு டன். ஏறத்தாழ மூன்றரை கிலோவாட். நம் கணக்கில் வந்த 3 கிலோவாட்டுக்கு ஒரு டன் போதும் என்று தோன்றும். ஆனால் வெளியே வெயில் ஏற ஏறக் கருவியின் ஆற்றல் குறையும். எனவே ஒன்றரை டன் வைப்பதே அறிவுடைமை.

அதிலும் கவனம் வேண்டும். கருவியை மின்பலகைக்கு நேர்மேலே மாட்டக்கூடாது. அதிலிருந்து சொட்டும் நீர் பலகையில் விழும். வடிகுழாயை வெளியே விடவேண்டும். மின்தூக்கிக் குழிக்குள் அன்று. கருவி ஓடும்போது காற்றுவழிகளை மூடிவைக்க வேண்டும். குளிரும் அளவோடு இருக்கட்டும். 28 டிகிரி போதுமானது. மிகவும் குளிரவைத்தால், கதவைத் திறந்ததும் கடலோர ஊர்களின் ஈரக்காற்று மின்பலகைமேல் பனித்துளியாகப் படியும். நீர் தெளித்துக் குளிர்விக்கும் விசிறிகளும் இதே காரணத்தால் இவ்வறைக்கு ஏற்றவை அல்ல. மின்வெட்டின்போது மின்தூக்கியை ஓட்டும் ஜெனரேட்டரோடு குளிர்பதனக் கருவியும் பழைய விசிறியும் இணைந்திருக்கிறதா என்பதையும் பார்க்கவேண்டும். தூக்கி ஓடிக்கொண்டே இருக்க, குளிர்ச்சி மட்டும் நின்றுபோனால் அறை விரைவில் சூளையாகிவிடும்.

எல்லாவற்றினும் மேலானது வெப்பத்தைப் பிறக்கவிடாமலே தடுப்பது. பற்சக்கரம் இல்லாத நிலைக்காந்த மோட்டார்கள் குறைந்த மின்சாரத்தில் ஓடுகின்றன. இறங்கும் எடையால் பிறக்கும் மின்சாரத்தை எரித்துவிடாமல் கட்டடத்துக்கே திருப்பித் தரும் கருவிகளும் வந்துவிட்டன. 1996இல் பின்லாந்து நாட்டின் கோனே நிறுவனம், தனி இயந்திர அறையே வேண்டாத மின்தூக்கியை அறிமுகப்படுத்தியது. மெல்லிய மோட்டார் குழிக்குள்ளேயே உச்சியில் பொருந்திவிடுகிறது. அறை இல்லை என்பதால் வெப்பம் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. அங்கே குழியின் உச்சிக்கே காற்றுவழி வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

இயந்திர அறைக்கு நாம் போகவேண்டியதில்லை. ஆயினும் நம் பங்கு உண்டு. ஒரு மாடி ஏறவும் இரு மாடி இறங்கவும் கால்களைப் பயன்படுத்தினால், முதியோருக்கும் நோயாளிகளுக்கும் மின்தூக்கி ஓய்வாகக் கிடைக்கும். ஒவ்வொரு புறப்பாடும் மோட்டாருக்குச் சூடு. எழுதியுள்ள எண்ணிக்கைக்கு மேல் ஏறக்கூடாது. நம் நாட்டில் ஓர் ஆளுக்கு 68 கிலோ என்று கணக்கிட்டே அதை எழுதியிருக்கிறார்கள். இடையில் நின்றுவிட்டால் கதவைப் பிளக்க முயலாமல், அழைப்பு மணியை அழுத்திவிட்டுப் பொறுமையாக இருக்கவேண்டும். பெட்டியில் காற்றுவழிகள் உண்டு, மூச்சு முட்டிப்போகாது. நம் வீட்டு மாடியிலோ உறவினர் அடுக்ககத்திலோ இயந்திர அறை இருந்தால், அதைப் பழம்பொருள் வைக்கும் அறையாக்க விடாமல் பெரியவர்களிடம் எடுத்துச் சொல்லலாம்.

முடிவுரை

அந்த வாரமே மெத்தைகள் அகற்றப்பட்டன; புதிய விசிறி மாட்டப்பட்டது; கூரைக்கு வெள்ளையும் அடித்தார்கள். குளிர்பதனக் கருவியும் வைத்தபின், எஞ்சிய கோடையில் அந்த மின்தூக்கி பகலில் நிற்கவில்லை என்று அந்த அண்ணனே மாமாவிடம் சொன்னாராம். அப்பாயி வீடு திரும்பும் நாளில் அவரை அருகே அழைத்து, நெற்றியில் சிலுவை வரைந்து ஆசி கூறினார்கள். நான் மன்னிப்புக் கேட்டேன். "அட, விடு பாப்பா" என்று சிரித்துவிட்டார்.

மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாகத் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1955இல் ஏற்படுத்தினார். அத்திருநாள் முடிந்த சில நாட்களில் கத்திரி தொடங்கிவிடுகிறது. நாம் பொத்தானை அழுத்திவிட்டுக் குளிர்ந்த மாடிகளுக்குச் செல்லும்போது, உச்சியில் ஓர் இயந்திரமும், அதைப் பார்த்துக்கொள்ளும் ஒரு மனிதரும் வெயிலில் நிற்கிறார்கள். அந்த உச்சி குளிர்ந்தால் நோயாளி காப்பாற்றப்படுவார், உழைப்பவரும் காப்பாற்றப்படுவார். அடுத்த முறை மின்தூக்கியில் ஏறும்போது ஒரு கணம் மேலே நினைத்துக்கொள்வோம், தோழியரே!